கொப்பியின் இடப்பக்கம்

“இந்த இடப்பக்கம் நல்ல யோசன டீச்சர். ஒரு ஆள வாசிக்கச் சொல்லுவமே,” என்றார் பாடம் பார்க்க வந்திருந்த ஆலோசகர்.

சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மூன்றாவது வாங்கின் ஓரத்தில் இருந்த பிள்ளையைக் கைகாட்டினார்.

“நீங்க எழும்பி வாசிங்க மகள்.”

முஸ்பிறா எழும்பினாள்.

கஜேந்தினி டீச்சர் கரும்பலகையை விட்டு இரண்டடி முன்னே வந்தாள்.

தம்பிலுவிலிலிருந்து மாற்றலாகி அவள் கல்முனைக்கு வந்து ஒரு தவணைகூட முடியவில்லை. தரம் எட்டு விஞ்ஞானத்துக்கு இந்தக் கொப்பி முறையைக் கொண்டுவந்தது அவள்தான். வலப்பக்கத்தில் டீச்சர் தரும் குறிப்பு. இடப்பக்கம் பிள்ளையுடையது. படம் கீறலாம், வெட்டி ஒட்டலாம், மனதில் பட்டதை எழுதலாம். யாரும் தாள் கிழிக்கக் கூடாது என்று முதல் நாளே பக்கங்களுக்கு இலக்கம் போட வைத்திருந்தாள்.

“இடப்பக்கத்த என்னத் தவிர ஒருத்தரும் வாசிக்க மாட்டாங்க,” என்று சொன்னதும் அவள்தான்.

போன கிழமை பாடம், ஒலி. வீட்டில் அடிக்கடி கேட்கும் ஓர் ஒலியைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தாள். தையல் மெஷின் என்று ஒருத்தி எழுதியிருந்தாள். பள்ளிவாசல் பாங்கு என்று நாலைந்து பேர்.

முஸ்பிறா எழுதியிருந்தது இது:

‘வாப்பாவின் மோட்டார் சைக்கிள் கேற்றடியில் வந்து நிற்கும் ஒலி. அது கேட்டதும் உம்மா உடுப்பின் கையை இழுத்துக் காயத்தை மூடுவா. தம்பி மேசைக்குக் கீழே போவான். அதற்குப் பிறகு கேட்கும் ஒலிகளை எழுத எனக்கு விருப்பமில்லை.’

அன்று பஸ்ஸில் வீடு போய்ச் சேரும் வரை கஜேந்தினிக்கு அதே நினைவு. யாரிடம் சொல்வது? வேறு ஊர், வேறு சனம். குடும்ப விசயத்தில் கை வைத்தால் பிள்ளைக்கே வினையாகுமோ என்ற பயம். மறுநாள் சிவப்புப் பேனையால் ஒரு சரி போட்டுக் கொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

இப்போது அந்தப் பக்கம் முஸ்பிறாவின் கையில் விரிந்திருந்தது.

“நேரம் காணாது சேர், இன்னொரு செயற்பாடும் இருக்கு...” என்று தொடங்கினாள் கஜேந்தினி.

ஆலோசகர் சிரித்தபடி கையைத் தூக்கி அவளை நிறுத்தினார்.

முஸ்பிறா கொப்பியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு வாசித்தாள்.

“எங்கள் வீடு கடலுக்குக் கிட்ட இருக்கிறது. அலை கரைக்கு வரும்போது ஒலியின் வீச்சம் கூடும். திரும்பிப் போகும்போது குறையும். காற்றுக் காலத்தில் ஓர் அலை முடிய முன்னமே அடுத்த அலையின் ஒலி கேட்கும்.”

அவளது கண்கள் வரிவரியாக நகர்ந்தன. குரல் தடுமாறவில்லை. பக்கத்தின் அடியில் கண் வந்து சேர்ந்தபோது வாசிப்பும் முடிந்தது.

அதில் ஒரு சொல்கூட அந்தத் தாளில் இல்லை.

ஆலோசகர் கை தட்டினார். வகுப்பும் தட்டியது.

“வீச்சம் எண்ட விஞ்ஞானச் சொல்ல எவ்வளவு சரியாப் பாவிச்சிரிக்கா. அடுத்த மாசம் கருத்தரங்கு ஒண்டு இரிக்கி. அதில இந்தக் கொப்பியக் காட்டுவம்.”

எழுந்து வந்து கையை நீட்டினார்.

கஜேந்தினி முந்திக்கொண்டு கொப்பியை வாங்கி மூடினாள். “இன்னும் புள்ளி போட்டு முடியல்ல சேர். நானே கொண்டு வந்து தாறன்.”

“நீங்க ஏன் கரைச்சல் படுறீங்க? பின்னேரம் எங்கட வீட்டுக்குத்தானே வரப்போகுது,” என்றார் அவர். “இவ என்ட மகள்தான். நீங்க ஊருக்குப் புதுசு, தெரிஞ்சிரிக்காது.”

கஜேந்தினி சிரித்தாள். சிரிக்க வேண்டியிருந்தது.

இடைவேளை மணி அடித்தது. ஆலோசகர் போனார். பிள்ளைகளும் வெளியே ஓடினார்கள். முஸ்பிறா மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

கஜேந்தினி ஒரு வெள்ளைத் தாளையும் கம் போத்தலையும் எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் இருந்தாள். வாசித்ததை அப்படியே எழுதச் சொன்னாள். முஸ்பிறா எழுதினாள். ஒரு சொல்லும் மாறவில்லை.

கஜேந்தினி தாளைத் திருப்பிக் கம் பூசினாள். இதை மேலே ஒட்டிவிட்டால் பழைய எழுத்து மூடிவிடும். பக்க இலக்கமும் குறையாது.

“இனி இப்பிடி எதையும் எழுதாதீங்க முஸ்பிறா,” என்றாள் மெல்ல. “என்னட்ட வாயால சொல்லுங்க.”

முஸ்பிறா தலையாட்டினாள். பிறகு கொப்பியைப் பார்த்தபடியே சொன்னாள்.

“எனக்கு எழுதப் பயம்தான் டீச்சர். உம்மாதான் பக்கத்தில இருந்து எழுத வெச்ச. டீச்சர் மட்டும்தான் வாசிப்பா எண்டு நான் சொன்னத்தால.”

கஜேந்தினியின் கை நின்றது.

ஒரு கிழமையாக ஒருத்தி அந்த வீட்டில் இருந்துகொண்டு பதிலுக்குக் காத்திருக்கிறாள்.

கஜேந்தினி கைபேசியை எடுத்தாள். அந்தப் பக்கத்தை எழுத்துத் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்தாள். அதன் பிறகுதான் தாளை மேலே வைத்து, நான்கு ஓரமும் அழுத்தி ஒட்டினாள்.

“இப்ப வீட்டில ஆரு இருக்கிற?”

“உம்மா மட்டும்தான் டீச்சர்.”

கஜேந்தினி அரை நாள் லீவு கேட்க அதிபரின் அறைப் பக்கம் நடந்தாள்.