மதில் இரண்டா, ஒன்பதா?

இன்றைக்கு இதற்கு ஒரு முடிவு கட்டிவிடுவது என்று நினைத்துக்கொண்டுதான் தம்பி அக்கா வீட்டு மணியை அழுத்தினான். அவன் பைக்குள் புத்தம் புதிய 'மதில் ஒன்பது' டிஸ்க் இருந்தது.

'மதில்' ஒரு வீடியோ கேம். இருபது வருடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஒன்பது வந்துவிட்டன. அக்கா இரண்டாவதோடு நின்றுவிட்டவள். அதற்கப்புறம் வந்த ஏழும் அவள் கணக்கில் வெறும் ஜிகினா. தம்பிக்கோ ஒன்பதுதான் உயிர். இரண்டையெல்லாம் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும் என்பான்.

கதவைத் திறந்த அக்காவின் விரலெல்லாம் வெள்ளை மாவு. பல் செட் செய்வது அவள் தொழில். மேஜைமேல் ஆறு பல் வரிசைகள் காய்ந்துகொண்டே இளித்தன.

"வா ஜிகினா."

"வந்துட்டேன், பழைய இரும்பு."

தம்பி லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க மேலும் கீழும் போய் வருகிறவனுக்கு ஞாயிறு ஒன்றுதான் லீவு. அன்றைக்கும் இரண்டு பஸ் மாறி இங்கே வந்துவிடுவான். வேறு வழியில்லை. மதில் இரண்டை ஆட இரண்டு பேரும் ஒரே டிவி முன்னால் தோளோடு தோள் உட்கார வேண்டும். கன்ட்ரோலரின் வயர் ஒரு முழம்தான். தோற்றுவிட்டு வருவதற்கு இரண்டு பஸ்ஸா என்று அவன் மனைவி வாராவாரம் கேட்பாள்.

வழக்கம்போல் சண்டை தொடங்கியது. ஒன்பதில் ஒரு அடி வைப்பதற்குள் வானம் நாலு நிறம் மாறுகிறது, அது ஆட்டமா துணிக்கடை ஷோகேஸா என்று அக்கா கேட்டாள். இரண்டில் வீரனுக்கு மூக்கே ஒரு கட்டம்தானே, குதிரை என்று நினைத்து ஓநாய்மேல் ஏறியது யார் என்று தம்பி கேட்டான்.

ஏறியது அக்காதான். அவள் ஒரு பல் வரிசையை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினாள்.

தம்பி விடவில்லை. "ஒன்பதுல எனக்கு ஒரு கூட்டாளி இருக்கான். பேரு வெள்ளை ஆமை. யாரு எவருன்னு தெரியாது, வாயே திறக்க மாட்டான். ஆனா தினமும் நான் வேலை முடிஞ்சு வர்ற நேரத்துக்கு டாண்ணு வந்து நிப்பான்."

"வேலையத்தவனா இருப்பான்."

மதிலின் எல்லாப் பாகத்திலும் ஒரு சங்கதி மாறவில்லை. கோட்டைக் கதவை ஒருவர் தூக்கிப் பிடித்தால்தான் மற்றவர் உள்ளே ஓட முடியும். பிடித்திருப்பவர்மேல் அம்பு மழை பொழியும்.

"எத்தனை அம்பு விழுந்தாலும் நான் உள்ளே போற வரைக்கும் கதவை விட மாட்டான். உன்னைவிட நூறு மடங்கு நல்லா ஆடுவான்க்கா."

"நூறு மடங்கா?" அக்கா பல்லின் மேலிருந்த தூசியை ஊதினாள்.

இதுதான் சமயம் என்று தம்பி டிஸ்க்கை எடுத்து நீட்டினான்.

"இந்தா. மாமா படம் பார்க்க வாங்கின மெஷின்ல இது ஓடும். நீ இங்கேயிருந்து ஆடு, நான் என் வீட்டிலேருந்து ஆடறேன். இனிமே ரெண்டு பஸ் மாற வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையாவது கொஞ்சம் தூங்குவேன்."

பல் வரிசை அக்காவின் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. உடையவில்லை. ஆனால் அதைக் குனிந்து எடுக்க அவளுக்கு ரொம்ப நேரமாயிற்று.

"அப்போ வரமாட்டே?"

"ஆட்டத்துக்குத்தானேக்கா வர்றேன்."

"அந்தக் கண்றாவியை என் வீட்டு டிவியில போடாதே."

அவள் குரலில் கேலி இல்லை. பிடிவாதத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா என்று தம்பிக்கு எரிச்சல் வந்தது. புதுசில் தோற்றுவிடுவோம் என்று பயம், வேறென்ன?

உள்ளே போன் அடித்தது. பல் டாக்டர்தான். அக்கா பேசப் போனாள். மாமாவுக்கு ஞாயிறும் ஆஸ்பத்திரியில் டூட்டி, தடுக்க வீட்டில் வேறு ஆள் கிடையாது. தம்பி சட்டென்று மெஷினைப் போட்டு டிஸ்க்கைச் செருகினான்.

திரையில் எழுத்துகள் வந்தன. படித்தான். இன்னொரு முறை படித்தான்.

முன் பல் தூக்கலாக இருந்தால் தேய்த்துத் தருகிறேன் என்று உள்ளே அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் டிஸ்க்கை எடுத்துப் பைக்குள் போட்டு, மெஷினை அணைத்தான்.

போன் பேசிவிட்டு வந்த அக்கா அறை வாசலிலேயே நின்றாள். "போட்டுப் பார்த்தியா?"

"பார்த்தேன். உன் மெஷின்ல ஓடலை."

"ஓடலையா?" அவள் கேட்ட விதத்தில் நிம்மதியைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது.

"ஆமா. நீ சொல்றது சரிதான், ஒன்பது தேறாது." அவன் பழைய கன்ட்ரோலர்களின் வயரைப் பிரித்தான். "வந்து உட்காரு, பழைய இரும்பு. இன்னைக்குக் கதவை நான் பிடிக்கிறேன்."

"நீயா? ரெண்டு அம்புக்குத் தாங்க மாட்டே."

"தாங்கறேன். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் சீக்கிரமாவே வரேன்."

அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தோள் இடித்தது. சற்று முன் திரையில் வந்த எழுத்துகள் தம்பியின் கண்ணை விட்டு இன்னும் போகவில்லை.

'மீண்டும் வருக, வெள்ளை ஆமை. உங்கள் கூட்டாளி இன்னும் வரவில்லை. காத்திருக்கிறீர்களா?'