மங்கலாய் ஒரு மரங்கொத்தி

"கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு... வாயைத் திற... ஆங், அப்படியே இரு, அசையாதே!"

மொட்டைமாடியிலிருந்து கணவரின் மெல்லிய குரல் படி வழியே இறங்கி வந்தது. அடுப்படியில் நின்றிருந்த அவளுக்குச் சிரிப்பு வந்தது. முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் வாய் பழக்கத்தை விடவில்லை. மரங்கொத்திக்கும் அதே உத்தரவுதான்.

இருபது நாளாக இந்தக் கூத்து நடக்கிறது. கொல்லைப்புற மரத்தின் பொந்தில் மரங்கொத்தி குஞ்சு பொரித்திருக்கிறதாம். தாயும் தகப்பனும் மாறி மாறி வந்து ஊட்டுகின்றனவாம். காலை எட்டு மணியானால் போதும், கேமராவையும் ஸ்டாண்டையும் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார்.

மூட்டுவலிக்காரியான அவளுக்கு அந்த மாடி காதால் மட்டுமே தெரிந்த ஊர். பனி மூடிய காலையில் முதலில் ஒரு சிறகடிப்பு கேட்கும். பிறகு 'க்ளிக், க்ளிக்' என்று கேமரா. பால் பொங்குவதுகூடத் தெரியாமல் கண்ணை மூடி நின்றுவிடுவாள். ஒரு சின்ன வாய் திறப்பதும் அதில் இரை விழுவதும் கண்ணுக்குள் வரும். பார்த்துக்கொண்டே இருக்கும்போது அந்த வாய் மெல்ல வேறொரு வாயாக மாறிவிடும்.

பேத்திக்கு எட்டு மாதம். அந்தக் குழந்தையை அவள் இன்னும் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை.

மகள் தானே மாப்பிள்ளை பார்த்துக்கொண்டதில் இவருக்குக் கோபம். கல்யாணத்துக்குப் போகவில்லை. இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. சுற்றிக்கொண்டு நடந்தால் பத்து நிமிடத்தில் மகள் வீடு. "நீ வேணும்னா போய்ட்டு வா" என்று இவர் ஒருமுறை சொன்னார். அவள்தான் போகவில்லை. தான் மட்டும் போனால் அதையே சாக்காக வைத்துக்கொண்டு இந்த மனிதர் சாகும்வரை அந்த வாசலை மிதிக்கமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். போனால் இருவரும்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

இன்றைக்கு அவர் வழக்கத்தைவிடச் சீக்கிரமே இறங்கி வந்தார்.

"என்னங்க, கண்ணு இப்படிச் செவந்திருக்கு?"

"பனி. லென்ஸையே உத்துப் பார்த்துக்கிட்டிருந்தா வேற என்ன ஆகும்?"

"இருபது நாளாக் கேக்கறேன், எனக்கு ஒரு படமாவது காட்டுங்களேன்."

"இன்னும் சரியா வரல. வந்ததும் காட்டறேன்."

"குஞ்சு தின்னுச்சா?"

"தின்னுச்சு. பாதியைத் துப்பிடுச்சு. பயங்கரப் பிடிவாதம்!" என்று தனக்குள் சிரித்துக்கொண்டார்.

அந்தச் சிரிப்புதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"எங்கேயோ பறந்துட்டுப் போற பறவையோட பிள்ளை தின்னுச்சா, துப்புச்சான்னு உங்களுக்கு அக்கறை. நம்ம பிள்ளையோட பிள்ளை பத்து நிமிஷ தூரத்துல இருக்கு. அது சாப்பிட்டுச்சான்னு ஒரு வார்த்தை..."

"என்னோட வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வெச்சிருக்கியா?"

"ஆமா, மரங்கொத்தி உங்களை மாப்பிள்ளை பார்க்க வருதாக்கும்!"

அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

அவள் மனத்துக்குள் ஒரு திட்டம் ரொம்ப நாளாகவே இருந்தது. தகப்பன் பறவை ஊட்டுகிற படம் ஒன்றைப் பெரிதாகப் போட்டு, அவர் உட்காரும் நாற்காலிக்கு நேர் எதிரே மாட்ட வேண்டும். 'இந்தப் பறவைக்கு இருக்கிற ஈரம் உங்களுக்கு இல்லையே' என்று ஒரே ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் இந்த ஜென்மத்தில் பேத்தியைத் தூக்கும் ஆசையை விட்டுவிட வேண்டியதுதான்.

கேமராவிலிருந்து நகத்தளவு இருந்த கார்டை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, தெருமுனை ஸ்டூடியோவுக்கு நடந்தாள்.

ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். பச்சைப் புகைக்குள் ஒரு சிவப்புத் திட்டு மிதந்தது. அடுத்ததிலும் அதே புகை, அதே திட்டு.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. சாரை ஒரு தடவை கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

"ஏன்?"

"முந்நூறு படம் இருக்கு. ஒண்ணுலகூட மரங்கொத்தி தெளிவா இல்ல."

அவளுக்குச் சுருக்கென்றது. கணவர்மேல் மலையளவு கோபம் இருந்தாலும் வேறொருவர் குறை சொல்லக் கேட்க முடியவில்லை.

"முடியளவு விரிசலைக்கூட எலும்புல கண்டுபிடிச்ச கண்ணுங்க அது! டாக்டருங்களே அவரைக் கேட்டுத்தான் முடிவு பண்ணுவாங்க, தெரியுமா?"

சொல்லிவிட்டாளே தவிர, மனம் விட்டுப்போயிற்று. இந்தச் சிவப்புத் திட்டை மாட்டிவைத்து எதைக் கேட்பது? கைக்குட்டையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள்.

"இருங்கம்மா" என்றார் ஸ்டூடியோக்காரர், திரையருகே குனிந்து. "நீங்க சொல்றது சரிதான். கண்ணு நல்லாத்தான் இருக்கு. பறவைக்குப் பின்னாடி பாருங்க, அவ்வளவு துல்லியம்! சார் வேணும்னேதான் பறவையை விட்டிருக்காரு."

படத்தின் மூலையைப் பெரிதாக்கினார். புகை விலகினாற்போல இலைகளுக்கு அப்பால் அடுத்த தெருவின் ஒரு மூன்றாம் மாடி ஜன்னல் தெரிந்தது. ஜன்னலில் அள்ளி முடிந்த கூந்தலோடு அவள் மகள் நின்றிருந்தாள். இடுப்பில் குழந்தை, கையில் ஸ்பூன்.

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"முந்நூறுலயும் இதே ஜன்னல்தான்மா. இது இன்னிக்குக் காலையில எடுத்த கடைசிப் படம்."

அதில் மகள் ஊட்டவில்லை. பேத்தியின் பிஞ்சுக் கையைத் தன் கையால் பிடித்து, கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டு, 'வா, வா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.