வழக்கு நடக்குமட்டும்

"அவன் மட்டும் என்ர கையிலை அகப்படட்டும்."

வானில் ஏறும்போதே சில்வெஸ்டர் தொடங்கிவிட்டார்.

அவன் யாரென்று அவருக்கும் தெரியாது. 'ஒரு சிறு பங்குதாரர்' என்று மட்டும் பேப்பரில் போட்டிருந்தது.

விஷயம் இதுதான். ஜெர்மனியில், பீலெஃபெல்ட்டில் கதவுக் கைப்பிடி செய்யும் ஒரு தொழிற்சாலை. அகதியாய் வந்த எங்கள் சனம் பாதிப்பேருக்கு அங்கேதான் சோறு. கம்பனியின் நூறாவது ஆண்டுக்கு வேலையாட்கள் எல்லாருக்கும் ஆளுக்குக் கொஞ்சம் பங்கு கொடுத்தார்கள். வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு மறந்துபோனார்கள். பிறகு 2005இல் ஒரு பெரிய கம்பனி வந்து, முழுவதையும் வாங்குகிறேன், பங்குக்கு நல்ல விலை தருகிறேன் என்றது. கூட்டம் கூடி, சம்மதமும் கொடுத்தாயிற்று.

அப்போதுதான் எவனோ நீதிமன்றத்துக்குப் போனான். அந்த ஒரு வழக்கு முடியும்வரை ஒன்றும் நகராது என்றார்கள். பெரிய கம்பனி பொறுத்துப் பார்த்தது. பிறகு எழும்பிப் போய்விட்டது. பங்கு விலை பழையபடி தரைக்கு வந்தது.

சில்வெஸ்டர் அதற்குள் அந்தக் காசை நம்பிக் கடைக்கு இடம் பார்த்து, மனைவி பெயரில் 'வெரோனிக்கா ஸ்ரோர்ஸ்' என்று போர்ட்டும் எழுதுவித்துவிட்டார். அது இப்போது வீட்டுக்கு அடியில் கெல்லருக்குள், அந்த நிலவறையில், சைக்கிளோடு சாத்திக் கிடக்கிறது. தினமும் சைக்கிள் எடுக்கப் போகும்போது கண்ணில் படும். தினமும் 'அவனுக்கு' ஒரு திட்டு விழும்.

இன்றைக்குப் பங்குதாரர் கூட்டம். வழக்கைப் பற்றிச் சொல்லப் போகிறார்களாம். இராயப்பு வான் ஓட்டினான். பின்சீற்றில், யோசப்பின் என்று பெயர்கொண்ட அக்கா. பொதி கட்டும் பகுதியில் வேலை. அதிகம் வாய் திறவாத மனுசி. தோடம்பழம் உரித்துக்கொண்டு வந்தார்.

"ஒரு சந்தேகம் அண்ணை," என்றான் இராயப்பு. "அவங்கள் வாங்கியிருந்தா எங்களை வேலையிலை வைச்சிருப்பாங்களோ?"

"அதை வாங்கிறவன் பாப்பான். நீ றோட்டைப் பார்."

பின்னாலிருந்து ஒரு சுளை நீண்டது. சில்வெஸ்டர் அதை வாயில் போட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து திட்டத் தொடங்கினார்.

மண்டப வாசலில் மேசை நிறையச் சொசேஜ். இனாம். தவக்காலத்து வெள்ளிக்கிழமை பாருங்கள், இறைச்சி தொட முடியாது. மூன்று பேரும் உருளைக்கிழங்கு சலாட்டை மட்டும் அள்ளிக்கொண்டு போய் உட்கார்ந்தார்கள். அந்தக் கோபமும் 'அவன்' கணக்கிலேயே சேர்ந்தது.

பேச்சுகள் தொடங்கின. கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர், வழக்குப் போட்டவரிடம் நட்டஈடு வாங்கவேண்டும் என்றார். கை தட்டினார்கள். இன்னொருவர், பிழை நிர்வாகத்தில்தான் என்றார். அதற்கும் தட்டினார்கள். மூன்றாமவர் சட்டப் பிரிவுகளாகச் சொல்லிக்கொண்டே போனார். சில்வெஸ்டர் பலமாகத் தட்டிவிட்டு, "என்ன சொன்னவன்?" என்று கேட்டார்.

"தெரியேல்லை அண்ணை. நீங்கள் தட்டினீங்கள், நானும் தட்டினன்."

பங்குக்காரன் என்றால் முதலாளியா, இல்லாவிட்டால் நாளைக் காலை மெஷினடியில் நிற்கப் போகிறவனா? சில்வெஸ்டருக்குத் தலை சுற்றியது.

கடைசியாகத் தலைவர் எழுந்தார். எங்களை விட்டுப் போன கம்பனி, தெற்கே வேறொரு கைப்பிடித் தொழிற்சாலையை வாங்கியது என்றார். வாங்கி, நத்தார்ப் பண்டிகைக்கு முதலே அதை மூடி, மெஷின்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டதாம். வேலையாட்கள் அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பியாயிற்றாம்.

"அதனாலென்ன, பங்குக்காரருக்குக் காசு கிடைச்சதுதானே," என்றது முன்வரிசையில் ஒரு குரல். அதற்கும் தட்டினார்கள்.

சில்வெஸ்டரின் கைகள் உயர்ந்தன. பாதியில் நின்றன.

வழக்காளியின் பெயரைச் சொல்லுங்கள் என்று யாரோ கேட்டார்கள். மறைக்க ஒன்றுமில்லை என்றார் தலைவர். எங்கள் பொதி கட்டும் பகுதியில் வேலை செய்கிற திருமதி யோசப்பின்தான்.

இராயப்பு குனிந்து, அவிழாத சப்பாத்து நூலைக் கட்டத் தொடங்கினான்.

சில்வெஸ்டர் மெதுவாகத் திரும்பினார். யோசப்பின் அக்கா தோடம்பழக் கோதுகளைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அக்கா, நீங்களோ?"

"ஓம் தம்பி."

"பங்கும் சட்டமும் உங்களுக்கு என்ன விளங்கும்? ஆர் வழக்குப் பேசினது?"

"எனக்கு ஒண்டும் விளங்காதுதான். எங்கட அகதி வழக்குகளைப் பாத்த லோயரிட்டைப் போனன். அந்தாளுக்கும் முதல் விளங்கேல்லை. பிறகு படிச்சுப்போட்டுச் செய்தவர்."

"வானுக்குள்ளை அவ்வளவு திட்டினன். ஒரு சொல்லுச் சொல்லேல்லையே."

"நீ கோபத்திலை இருந்தாய். தோடம்பழம் தந்தன்தானே."

சில்வெஸ்டருக்குக் கோபப்படுவதா, நன்றி சொல்வதா என்று தெரியவில்லை. கெல்லருக்குள் கிடந்த போர்ட் நினைவுக்கு வந்தது. நாளைக்கு வேலை இருக்கிறது என்பதும் நினைவுக்கு வந்தது.

"உந்த வழக்குப் போடுற வழியை ஆர் அக்கா உங்களுக்குச் சொல்லித் தந்தது?"

யோசப்பின் அக்கா பேப்பரை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

"எண்பத்தைஞ்சிலை, ஊருக்குத் திருப்பி அனுப்பப் போறாங்களெண்டு கடுதாசி வந்து, அகதி முகாம் வாசல்லை இருந்து நான் அழ, நீதானே தம்பி வந்து சொன்னனீ: பயப்பிடாதேங்கோ அக்கா, ஒரு வழக்கைப் போடுங்கோ, வழக்கு நடக்குமட்டும் ஒருத்தரையும் அனுப்ப ஏலாது எண்டு."