விநாடி முள்

வெப்கேமராவைச் செருகியதும் கணினித் திரையில் ஓடும் கடிகாரத்தின் விநாடி முள் நான்காவது முறையாக உறைந்துபோகிறது; கணினியே அசையாமல் நிற்கிறது. மூன்று மணிக்கு அவளுக்கு வேலை நேர்காணல். இப்போது இரண்டே கால். "வேற கேமரா வாங்கிக்கலாம், விடும்மா," என்கிறார் பக்கத்தில் காபியோடு உட்கார்ந்திருக்கும் கணவர். "சும்மா அது மேல பழி போடாதீங்க." எல்லா வயர்களையும் உருவி, கணினியை அணைத்து மறுபடி போட்டு, ஒவ்வொன்றாகச் செருகுகிறாள். மவுஸ், பிரிண்டர், கேமரா என எல்லாவற்றுக்கும் முள் ஓடுகிறது. திரையில் அவள் முகம்கூடத் தெரிகிறது. மிச்சமிருக்கும் வெள்ளை வயரைச் செருகுகிறாள், முள் நிற்கிறது. அதை விரலால் தடவிக்கொண்டே போனால், கணவரின் காபிக் கோப்பைக்கு அடியில், அவர் பிறந்தநாளுக்கு அவளே வாங்கித் தந்த, கணினியிலிருந்தே மின்சாரம் இழுக்கும் சூடேற்றும் தட்டில் போய் முடிகிறது. வயரைப் பிடுங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டு கணினியை மறுபடி போடுகிறாள். "காபி ஆறிடுமே," என்கிறார். முள் ஓடத் தொடங்குகிறது. "ஒரே மடக்குல குடிங்க."