ராட்டினத்துக்கு விலக்கு உண்டு

“எம் பொண்ணு பள்ளிக்கூடம் வரமாட்டா சார். போயிட்டு வாங்க.”

கையில் ஸ்பேனரோடு வழியை மறித்து நின்றாள் ராட்டினக்காரரின் மருமகள். பள்ளி வருகை அதிகாரி தன்னையறியாமல் ஓரடி பின்வாங்கினார். வேலையில் சேர்ந்து அவர் விசாரிக்க வந்த முதல் வீடு இது. அதுவும் சக்கரம் வைத்த வீடு, மைதானத்தில் நின்ற ஒரு லாரி.

மாலையில்தான் ராட்டினம் சுற்றும். இப்போது அதன் கீழ்த் தொட்டிலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார் ராட்டினக்காரர். பேத்தி படிக்கப் போய்விட்டால் பகலெல்லாம் தனக்குப் பேச்சுத்துணை யார் என்பது அவர் கவலை.

“எதுவா இருந்தாலும் என் மருமககிட்ட பேசிக்குங்க தம்பி. அவ வாய்க்கு முன்னால ஒருத்தரும் நின்னதில்ல” என்றார் பெருமையாக.

அதிகாரி தொண்டையைச் செருமினார். “பிள்ளையை அனுப்பலைன்னா பெத்தவங்க மேலதான் வழக்கு வரும்மா. தக்க காரணம் இருந்தா சட்டமே விலக்கு குடுக்கும். பொண்ணுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“அதேதான் சார். படுத்த படுக்கையா கெடக்குறா. ஏய், மேல இருந்து இறங்குடி, சார் உன்னைப் பார்க்கணுமாம்.”

உச்சித் தொட்டிலிலிருந்து ஒரு சிறுமி கம்பி கம்பியாகத் தாவி இறங்கி வந்து வணக்கம் சொன்னாள். தாத்தா தலையில் கை வைத்துக்கொண்டார்.

அதிகாரி சிரிப்பை அடக்கினார். “பள்ளிக்கூடம் ரொம்ப தூரமா இருந்தாலும் விலக்கு உண்டு.”

“தூரம்தான் சார், காத தூரம். தினமும் காலையில அவங்க அடிக்கிற மணியில எங்க தூக்கமே போகுது.”

ராட்டினக்காரரின் கால் தானாகக் கீழே இறங்கியது. “தொழிலைச் சொல்லும்மா, தொழிலை” என்று பல்லைக் கடித்தார்.

“அதுக்குத்தான் வர்றேன் மாமா. சார், நாங்க ஊர் ஊரா போற ஜனங்க.”

அதிகாரியின் தோள்கள் தளர்ந்தன. அந்த விலக்கு உண்மையிலேயே இருந்தது. ஓரிடத்தில் தங்காத தொழில் என்றால் அவர் வற்புறுத்த முடியாது. “அப்ப சரிம்மா” என்று திரும்பி நடந்தார்.

“நில்லுங்க சார். பாதியில போனா எப்படி? எங்க லாரி போன மழைக்கு முன்னாடி படுத்தது, இன்னும் எழுந்திரிக்கல. அடுத்த மழைக்கும் இங்கதான் இருப்போம். அதுக்காக நாங்க ஊர் சுத்துறவங்க இல்லைன்னு ஆயிடுமா?”

அதிகாரி குனிந்து பார்த்தார். லாரியின் நான்கு சக்கரங்களிலும் ஏதோ ஒரு கொடி ஏறி, நீல நீலமாகப் பூத்திருந்தது.

“ஆயிடும்மா. திங்கக்கிழமையே பொண்ணைக் கொண்டுவந்து சேர்த்துடுங்க.”

“பேசிப் பேசியே கெடுத்தாளே” என்று முனகிய ராட்டினக்காரர், பேத்தியின் மலர்ந்த முகத்தைப் பார்த்துவிட்டு அடங்கினார். மருமகளோ விடுவதாயில்லை. மைதானத்து வாசல்வரை அதிகாரியின் பின்னாலேயே திட்டிக்கொண்டு வந்தாள்.

வாசலில் நின்று மாமனார் இருந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“வேற விலக்கு ஏதாவது மிச்சம் இருக்கா சார்? இருந்தா இப்பவே சொல்லிடுங்க, அதுக்கும் ஒரு சண்டை போட்டு ஒழிச்சுடறேன்.”