நைலான் வலை

எங்கே தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பயந்துகொண்டேதான் சிலந்தி பல்லியிடம் வாயைத் திறந்தாள்.

"அக்கா, காலையில என் வலையை ஒட்டடைக் கம்பால அடிச்சாங்க. மத்தியானம் அதே மூலையில நைலான் வலை கட்டுறாங்க. என் கண்ணுதான் கெட்டுப்போச்சா?"

"உன் கண்ணுக்கு ஒண்ணுமில்லடி. பழைய ஜெயில் இப்ப ஓட்டலாயிடுச்சு. கம்பிக்குப் பின்னால படுக்கச் சனங்க காசு குடுத்து வர்றாங்க. எல்லாம் பழசாத் தெரியணும், பழசா இருக்கத்தான் கூடாது."

"முட்டைப் பையைத் தூக்கிக்கிட்டு நான் எங்க போவேன்?"

"நீ எங்க பின்னினாலும் அந்தக் கம்பு வரும்."

சிலந்தி மெல்ல நைலான் வலையில் ஏறினாள். அறைக்கு வந்த சீமாட்டி, "நிஜம் மாதிரியே செஞ்சிருக்காங்க" என்று போட்டோ எடுத்தாள். சிலந்தி முட்டைப் பையை வயிற்றோடு அணைத்து, எட்டுக் காலையும் விறைத்துக்கொண்டு, பொம்மையாகவே இருந்துவிட்டாள்.