பிடித்துக்கொண்ட இன்ஜின்

"நேத்து ஊத்தின எண்ணெய் அப்படியே நிக்குதுங்க. சொட்டுகூட இறங்கல. நல்லாப் பிடிச்சிருக்கு" என்றார் மெக்கானிக், டிராக்டர் இன்ஜினுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தபடி.

அவளும் குனிந்து உள்ளே பார்த்தாள். "விட்டுடும்ல?"

"விடும்ங்க. பிஸ்டன் துருவேறி ஒட்டிக்கிட்டிருக்கு. அதட்டினா உடைஞ்சிடும். தாஜா பண்ணித்தான் வழிக்குக் கொண்டு வரணும்."

அது அப்பாவின் டிராக்டர். அவர் படுக்கையில் விழுந்தபின் அதை எடுக்க அவளுக்கு நேரமில்லை. அவர் போனபின் மனசில்லை. ஷெட்டின் தகரக் கூரை ஒழுகி, மழைத் தண்ணீர் புகைக்குழாய் வழியாக உள்ளே இறங்கி, இன்ஜின் அசையாமல் நின்றுவிட்டது.

அண்ணன் காலையில்தான் போனில் கறாராகச் சொல்லிவிட்டார். "டிராக்டர் ஓடினா நீ அங்கேயே இருந்து நிலத்தைப் பாரு. ஓடலைன்னா நாளைக்கு ஆளோட வர்றேன். அதைக் காயலான் கடைக்குப் போட்டுட்டு, நிலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு, எங்களோட வந்து இரு. ஒத்தப் பொம்பளை அங்க யாரோட பேசிக்கிட்டு இருக்கப் போறே?"

யாரோடும் பேசுவதில்லைதான். சில நாள் விளக்குப் போடும்போதுதான், அன்றைக்கு வாயே திறக்கவில்லை என்பது அவளுக்கு உறைக்கும். தனியாக இருப்பது கொடுமைதான். ஆனால் அண்ணன் வீட்டு மாடி அறையில், அத்தனை பேருக்கு நடுவே தனியாக இருப்பது அதைவிடக் கொடுமை. கொஞ்ச காலம் அங்கே இருந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறாள்.

மெக்கானிக்கை அனுப்பி வைத்தது அண்ணி. கூட வேலை பார்ப்பவளின் தம்பியாம், கைராசிக்காரராம். நாற்பதைத் தாண்டிய, அதிகம் பேசாத மனிதர். வேலைக்கு வருகிறவர்கள் எல்லாம் அவளை வாய் நிறைய 'அக்கா' என்பார்கள். இவர் நேற்றிலிருந்து எந்த முறையும் வைத்துக் கூப்பிடவில்லை. கொஞ்சம் அழுத்தக்காரர் போல என்று நினைத்துக்கொண்டாள். அண்ணன் வைத்த கெடுவைப் பற்றி அவரிடம் மூச்சு விடவில்லை. வெளி ஆளிடம் வீட்டுக் கதை எதற்கு?

"இதை யாருங்க ஓட்டினது?"

"நான்தான்."

அவர் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். "நீங்களா!"

"ஏன், பொம்பளை ஏறினா டிராக்டர் மாட்டேன்னு சொல்லுமா?"

அவர் சிரித்துவிட்டார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சத்தம் அவளுக்கே புதிதாகக் கேட்டது.

அவர் கடப்பாறையை எடுத்து இன்ஜினின் ஃப்ளைவீல் சக்கரத்தை நெம்ப ஆரம்பித்ததும், அவள் சமைக்கப் போனாள். ஓர் ஆளுக்கே அளந்து பழகிய கை. இரண்டு பேருக்குச் சாப்பாடு பற்றவில்லை. "எனக்குப் பசியில்லை" என்று கூசாமல் பொய் சொல்லி, இருந்ததை அவருக்கு வைத்தாள். அவர் இன்னொரு தட்டைக் கேட்டு வாங்கி, சரிபாதியை அதில் போட்டு அவள் பக்கம் நகர்த்தினார்.

"சாயங்காலமானா பொழுது எப்படிங்க போகுது?"

"ரேடியோ இருக்கு. அது பேசும், நான் கேப்பேன். நான் பேசினாத்தான் அது கேக்காது."

"எனக்குப் பகலெல்லாம் பட்டறைச் சத்தம். ராத்திரி ரூமுக்குப் போனா, பூட்டைத் திறக்கிற சத்தம்தான் கடைசி. அப்புறம் ஒண்ணும் இருக்காது."

அவள் அவர் டம்ளரில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவர் கடப்பாறையைத் தொடவே இல்லை. ஃபில்டரைக் கழற்றிக் கழுவினார். சக்கரத்து நட்டுகளை முடுக்கினார். துடைத்த ஸ்பேனரையே எடுத்து மறுபடி துடைத்தார்.

"விட்டுச்சாங்க?" என்று கேட்டாள்.

"அவசரப்படாதீங்க."

வெயில் இறங்க இறங்க அவளுக்கு நம்பிக்கையும் இறங்கியது. மனிதர் கைவிட்டுவிட்டார், சொல்லத்தான் தயங்குகிறார். பெட்டியில் எதை எடுத்து வைப்பது, எதை விட்டுவிட்டுப் போவது என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

அப்போது அவருடைய போன் அடித்தது. கை முழுக்க கிரீஸ். "எங்கக்கா... கொஞ்சம் காதுல வைக்கிறீங்களா?" என்றார் கூச்சத்தோடு. அவள் எடுத்து அவர் காதோரம் பிடித்தாள். அக்காவுக்கு வெண்கலக் குரல். ஸ்பீக்கரே தேவைப்படவில்லை.

"என்னடா, நேத்துலேர்ந்து பாத்துக்கிட்டே இருக்கே! அவங்க அண்ணி என்னைக் கேட்டுத் துளைச்சு எடுக்கிறாங்க. பிடிச்சிருக்கா, இல்லையா? ஒரே வார்த்தை சொல்லு."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"பிடிச்சிருக்குக்கா" என்றார். "ரொம்பவே பிடிச்சிருக்கு."

அவள் போனை டிராக்டர் சீட்டில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"விடாதுன்னு மத்தியானமே சொல்லியிருக்கலாமே! இன்னும் பிடிச்சுத்தான் இருக்குன்னா, நாளைக்கு எங்கண்ணன் வந்து இதைக் காயலான் கடைக்குப் போட்டுட்டு, என்னையும் மூட்டை கட்டிக் கூட்டிட்டுப் போயிடுவாரு. எனக்கு இந்த இடத்தை விட்டா எதுவுமே இல்லைங்க, யாருமே இல்லைங்க..."

மெக்கானிக் பதறிப்போனார். "ஐயோ, அழாதீங்க! இது எனக்குத் தெரியவே தெரியாது. இன்ஜின் நீங்க சமைக்கப் போனப்பவே விட்டுருச்சுங்க. சொன்னா உடனே கிளம்பணுமேன்னுதான்..."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் கிரீஸ் கையைப் பார்த்தபடி, மென்று விழுங்கிச் சொன்னார்: "எங்கக்கா கேட்டது இன்ஜினை இல்லீங்க."